திருக்கண் வளரும் நேரம்

உத்ஸவ நாட்களில் வீதிப் புறப்பாடு முடிந்து எம்பெருமான் ஆஸ்தானம் திரும்பியதும் திருவந்திக்காப்பு கண்டருளுவது வைணவத் திருக்கோயில்களின் வழக்கம். ஊரெல்லாம் கண்குளிரக் கண்ட திருமேனிக்குக் கண்ணேறு படாதிருக்க வேண்டுமென்று தீபம் சுற்றிக் கழிக்கும் சடங்கு அது. கூட்டத்தில் நின்று அதைச் சேவிக்கும் தாய்மார்களுக்கு எவரும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கடைத்தெருவுக்கோ கலியாண வீட்டுக்கோ போய் வந்த குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்ட கைகள் அவர்களுடையவை. பின்னர் இரவு ஆராதனமாகிப் பாலமுது கண்டருளியதும் திருக்கதவம் அடைக்கப்படுகிறது. அதையும் ‘அடைத்தல்’ என்று சொல்லாமல் ‘திருக்காப்புச் சேர்த்தல்’ என்றே சொல்வது கோயில் பரிபாஷை. மாலையில் கண்ணேறு கழிப்பதும் காப்பு. இரவில் கதவு சேர்ப்பதும் காப்பு.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லும் நோக்கத்தக்கது. பெருமாள் உறங்குகிறார் என்று வைணவர்கள் சொல்வதில்லை. திருக்கண் வளர்ந்தருளுகிறார் என்பர். தொட்டிற் குழந்தையைக் கண்வளரச் சொல்லித் தாய்மார் பாடுவதும் அதே சொல்லைக் கொண்டுதான். வளர்ந்த மனிதருக்கு இச்சொல் வழங்குவதில்லை. குழந்தைக்கும் கடவுளுக்கும் மட்டுமே உரிய சொல்லாக அது நின்றுவிட்டது. ‘தூங்கு’ என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்பவையே பழம்பொருள். அசையும் தூளியிலிருந்துதான் உறக்கத்துக்கே அச்சொல் வந்திருக்க வேண்டும் எனத் தோன்றுகிறது. ‘தாலாட்டு’ என்பது தால் எனப்படும் நாவை ஆட்டி ஒலிப்பதால் வந்த பெயர் என்பர். ஆகவே ஏட்டில் ஏறுமுன் அது நாவில் பிறந்த பாட்டு.

நாவில் பிறந்த அந்தப் பாட்டைத் திவ்யப் பிரபந்தத்தில் ஏற்றிய பெருமை ஆழ்வார்கள் இருவருக்கு உரியது. ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனக் கைங்கர்யம் செய்த பெரியாழ்வார். மற்றவர் சேரநாட்டு அரசரான குலசேகராழ்வார். இருவரும் ஆடவர் என்பதை இதை வாசிப்போர் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையை உறங்கச் செய்வது பெண்டிர் வேலை, ஆண்மகன் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசலாம் என்று எண்ணும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளிலும் நித்தியம் ஓதப்படும் பிரபந்தத்தில் தாலாட்டுப் பாடியவர்கள் ஒரு பட்டரும் ஓர் அரசருமே.

கோகுலத்து மாலைப்பொழுது

பெரியாழ்வார் திருமொழி குழந்தையின் வயது வரிசையில் அமைந்தது. தாலாட்டு முதற்பத்தின் மூன்றாம் திருமொழி. அம்புலியை அழைப்பது நான்காவது. நீராட்டம் இரண்டாம் பத்தின் நான்காவது, காப்பிடுதல் அதே பத்தின் எட்டாவது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலும் அம்புலியும் தனித்தனிப் பருவங்களாக வகுக்கப்பட்டமைக்கு இத்திருமொழிகளே ஊற்றுக்கண் என்று அறிஞர் கொள்வர். ஆயினும் இவற்றை வயது வரிசையில் அன்றிப் பொழுது வரிசையில் வைத்து அநுபவிப்பதும் ஒரு சுவை. அவ்வாறு வைத்தால் யசோதையின் ஒரு மாலைப்பொழுது, விளக்கு வைக்கும் நேரம் தொடங்கிக் குழந்தை கண்ணயரும் வரை, அப்படியே கண்முன் நிற்கிறது.

முதலில் நீராட்டம். பிள்ளை வெண்ணெயை அளைந்த கையும் தெருப்புழுதி படிந்த மேனியுமாக வந்து நிற்கிறான். இந்த அழுக்கோடு இன்றிரவு படுக்கையில் புரள விடமாட்டேன் என்று தாய் உறுதியாகச் சொல்கிறாள். உறுதி சொன்னவள் அடுத்த கணமே கெஞ்சத் தொடங்குகிறாள். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்து எத்தனை நேரம் காத்திருக்கிறேன் என்கிறாள்; இன்று உன் பிறந்த திருநாள் ஆயிற்றே என்கிறாள்; அப்பமும் பாலில் கலந்த சர்க்கரையும் தருவதாக ஆசை காட்டுகிறாள். உலகை அளந்தவனைத் தண்ணீர்த் தொட்டியருகே வரச் செய்ய அப்பம் தேவைப்படுகிறது! குளிக்க மறுக்கும் பிள்ளையோடு மாலைதோறும் போராடும் தாய்மார்கள் இப்பாசுரங்களைச் சேவிக்கும்போது முகத்தில் புன்னகை அரும்பாதிருப்பது அரிது.

அடுத்தது அந்திக்காப்பு. இத்திருமொழியில் ஆழ்வார் கண்ணனைத் திருவெள்ளறையில் நின்றருளும் புண்டரீகாட்சனாகவே கண்டு அழைக்கிறார். திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் வழியில் உள்ள அந்தத் திவ்யதேசத்தைச் சேவித்தவர்களுக்கு இத்திருமொழி இருமடங்கு இனிக்கும். பொழுது சாய்ந்தது. இந்திரனும் பிரமனும் ஈசனும் மலரோடு வந்து காத்திருக்கிறார்கள். வீட்டிலோ பசுக்கள் கறக்கப்படாமல் கதறுகின்றன. கறவையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடி வந்தவள், அந்திவேளையில் நாற்சந்தியில் நிற்காதே என்று கூவிக்கொண்டிருக்கிறாள். கண்ணில் மணலைத் தூவிவிட்டான் என்று அடுத்த வீட்டுச் சிறுவர்கள் முறையிட்டதும், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்ததும் நடுவே வந்து போகின்றன. பகலெல்லாம் சேர்ந்த வழக்குகள் படுக்குமுன் ஒருமுறை தாயின் வாயால் சொல்லித் தீர வேண்டும் அல்லவா?

இத்திருமொழியில் முடிவுக்குச் சற்று முன்னுள்ள பாசுரம் தனித்து நின்று அநுபவிக்கத்தக்கது. மறையவர்கள் வேதமந்திரத்தோடு சங்கில் நீர் ஏந்தி வந்து நிற்கிறார்கள். சந்தியில் நின்று செருக்காதே, சில நாளைக்காவது தாய் சொல்லைக் கேள் என்கிறாள் தாய். பின்னர், உன் வடிவைக் காட்டும் அந்தி விளக்கை ஒளிபெற ஏற்றுகிறேன், வா என்று முடிக்கிறாள். விளக்கேற்றுவது இருளைப் போக்க அன்று. பிள்ளையின் வடிவைக் காண. அதனினும் மேலாக, ‘சில நாள்’ என்ற அளவு நெஞ்சைத் தொடுகிறது. இப்பிள்ளை எப்போதும் காப்பிட நிற்கப் போவதில்லை என்பதைத் தாய் உணர்ந்திருக்கிறாள். பின்னால் மதுரைக்குப் போகப் போகிறவன் என்பது ஆழ்வாருக்குத் தெரியும், யசோதைக்குத் தெரியாது. ஆயினும் வளரும் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும் தெரிந்த அளவு அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

காப்பு முடிந்தபின் நிலா முற்றம். இடுப்பில் இருந்த பிள்ளை சந்திரனைச் சுட்டிக் காட்டி வேண்டுமென்கிறான். தாய் முதலில் சந்திரனை இனிமையாக அழைக்கிறாள், பிறகு அவன் பெருமையைக் குறைத்துப் பேசுகிறாள், கடைசியில் மிரட்டுகிறாள். அவற்றுள் ஆறாம் பாசுரம் முழுக்க முழுக்கப் படுக்கை நேரத்துக் கவலை. கதையும் சக்கரமும் வில்லும் ஏந்தும் கையுடையவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது, கொட்டாவி விடுகிறான்; தூங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது; ஆகையால் மாமதியே, விரைந்து வா என்கிறாள். பஞ்சாயுதம் ஒரு பக்கம், அஜீரணம் ஒரு பக்கம். பரத்வத்தையும் ஸௌலப்யத்தையும் வேதாந்த நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. இங்கே அவ்விரண்டும் ஒரு கொட்டாவிக்குள் அடங்கிவிட்டன.

அதன்பின் தொட்டில். தாலாட்டுத் திருமொழியில் தேவர்கள் ஒவ்வொருவரும் பரிசு அனுப்புகிறார்கள். மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொற்றொட்டில் பிரமனுடையது, அரைவடம் சிவபிரானுடையது. திருமகள் தன் கையால் தொடுத்த துளசிமாலை அனுப்புகிறாள். பூமிப்பிராட்டியும் துர்க்கையும் அனுப்பியவற்றுள் கண்ணுக்கு இடும் மை வரை எல்லாம் உண்டு. பத்துப் பாசுரங்களைக் கேட்டு முடித்தால் ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்கு உற்றார் கொண்டு வரும் சீர்வரிசையைக் கண்டது போலிருக்கும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி மறைந்து போக, அந்தப் பகுதிக்கு மணவாள மாமுனிகள் மீண்டும் உரை அருளினார். இப்பாசுரங்களை இன்று பொருளோடு அநுபவிக்க முடிவது அந்த உபகாரத்தால்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நாள்தோறும் மாலை சாற்றிய பெருமாள் வடபத்ரசாயி. பிரளய வெள்ளத்தில் ஆலிலை மேல் கிடந்த பாலகனின் திருநாமம் அது. அந்தப் பாலகனுக்குத் தொட்டில் இல்லை, காப்பிடுவார் இல்லை, பாட்டுச் சொல்வார் இல்லை, சுற்றிலும் நீர். அந்தத் திருநாமத்தை நித்தியம் சொல்லிய ஆழ்வாருக்குத் தொட்டில் கட்டவேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. துளசி மண்ணில் கிடைத்த ஒரு பெண்மகவைத் தாயும் தந்தையுமாக நின்று வளர்த்தவரும் அவரே.

தாலாட்டாத தாய்

குலசேகராழ்வார் அருளிய பெருமாள் திருமொழியில் 10 திருமொழிகளும் 105 பாசுரங்களும் உள்ளன. அவற்றுள் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனித்தனியே சேவித்துவிட்டுப் போகிறார்கள். சேர்த்து வாசித்தால் அவை ஒரே பொருளின் மூன்று முகங்கள் எனத் தோன்றும்: தாலாட்டு வாய்க்காத தாய், தாலாட்டும் தாய், பிள்ளையின் படுக்கையை நினைத்து அழும் தந்தை.

ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல். எம்பெருமானையே வயிற்றில் சுமந்தவள் அவள். அதைவிடப் பேறு உண்டா என்று கேட்கத் தோன்றும். அவளோ தன்னைத் தாய்மாருள் கடைப்பட்டவள் என்கிறாள். காரணம், தாலாட்டும் பாக்கியம் தனக்கு இல்லை என்பதே. மை தீட்டிய கண்ணால் மேலே எதையோ உற்று நோக்கிக்கொண்டு, சிறு கால்களை முடக்கி, விரல்களை உள்ளங்கையோடு மடக்கிப் பிள்ளை கிடக்கும் கிடையைக் காணவில்லையே என்று ஏங்குகிறாள். தொட்டிலருகே நின்றவர்களுக்கே இத்தனை நுணுக்கம் கண்ணில் படும். காணாதவள் வாயில் அதை வைத்துப் பாடியது குலசேகரப் பெருமாளின் உள்ளம். உன் தந்தை யாரென்று கேட்டால் பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தகோபரைக் காட்டுவான். அந்தப் பேறு நந்தருக்கு வாய்த்தது, வசுதேவருக்கு வாய்க்கவில்லை என்று கணவனுக்காகவும் சேர்த்து அழுகிறாள். இன்பத்தின் எல்லையைக் கண்டவள் யசோதையே என்று ஒப்புக்கொள்கிறாள்.

பெற்றது போதாதா, வளர்ப்பதில் என்ன இருக்கிறது என்பார்க்கு இத்திருமொழி விடை கூறும். இது கவிஞரின் கற்பனை மட்டுமோ எனின், அன்று. ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில், கம்ஸ வதத்துக்குப் பின் கண்ணன் தன்னைப் பெற்றவர்களிடம் வந்து நிற்கிறான். எங்கள் குழந்தைப் பருவத்தையும் பாலப் பருவத்தையும் அநுபவிக்கும் இன்பம் உங்களுக்குக் கிட்டாமற் போயிற்று என்று அவனே சொல்கிறான். மல்லர்களை வென்று, அரசனை வீழ்த்தி, சிறையை உடைத்துத் திரும்பிய பிள்ளை. அவனாலும் அந்த இரவுகளைத் திருப்பித் தர இயலவில்லை.

எட்டாம் திருமொழியில் காட்சி மாறுகிறது. திருக்கண்ணபுரத்து எம்பெருமானை இராமபிரானாகக் கொண்டு, கோசலையின் நிலையில் நின்று ஆழ்வார் தாலாட்டுகிறார். நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள அத்திருப்பதியில் சௌரிராஜப் பெருமாளுக்கு இன்றும் இரவில் பொங்கல் அமுது செய்யப்படுகிறது. கோயில் நடை சார்த்தியபின் தன் இல்லத்திலிருந்தே பொங்கலை நிவேதித்த முனையதரையரின் அன்பைப் பெருமாள் ஏற்ற வரலாற்றை ஒட்டியது அவ்வழக்கம். படுக்கும் நேரத்தில் பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது என்னும் கவலை அந்த ஊருக்கே உரியது போலும்.

இத்தாலாட்டில் ஓர் அதிசயம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துத் தாடகையை வீழ்த்தியவனே என்கிறாள் தாய். இலங்கையை அழித்தவனே என்கிறாள். இனி நடக்கப் போவதெல்லாம் நடந்து முடிந்ததாகப் பாட்டில் வந்துவிடுகிறது. அரசைப் பரதனுக்கு அளித்துத் தம்பியோடு கானகம் சென்றவனே என்றும் ஓர் இடத்தில் வருகிறது. கோசலையை அழவைக்கப் போகும் செய்தி அவள் தாலாட்டுக்குள்ளேயே இருக்கிறது, பாடுகிறவள் அறியாள். இறுதியில் அரங்கநகரில் துயில்கின்றவனே என்று விளிக்கிறாள். ஏற்கெனவே துயில்கின்றவனுக்கு எதற்குத் தாலாட்டு? தாய்க்கு வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் திருமொழியில் தந்தை பேசுகிறார். காடு சென்ற மகனை நினைந்து தசரத சக்கரவர்த்தி புலம்பும்போது, போன முடியைப் பற்றியும் தவறிய பட்டாபிஷேகத்தைப் பற்றியும் மட்டும் பேசவில்லை. மெத்தென்ற படுக்கையில் உறங்கிப் பழகிய பிள்ளை இன்று மரநிழலில் கல்லைப் படுக்கையாகக் கொண்டு உறங்க எப்போது கற்றான் என்று கேட்கிறார். அறுபதினாயிரம் ஆண்டு அரசாண்டவர் என்று போற்றப்படும் மன்னருக்கு அந்த நேரத்தில் நினைவு வருவது பிள்ளையின் படுக்கை. வால்மீகி பகவானும் இதை விடவில்லை. சிருங்கிபேரபுரத்தில் இராமன் படுத்திருந்த புல்லணையைக் குகன் காட்ட, அதைக் கண்ட பரதன் கலங்கிய சர்க்கம் அயோத்தியா காண்டத்தில் உள்ளது.

பெயரும் கதையும்

தாலாட்டுக்கு அடுத்தபடியாகப் படுக்கையில் நிகழ்வது நாம ஸ்மரணம். பூதனை மாண்டபின் ஆய்ச்சியர் குழந்தைக் கண்ணனுக்கு ரக்ஷை இட்ட விதத்தைப் பாகவதம் விரிவாகச் சொல்கிறது. பசுவின் வாலைச் சுற்றி, குளம்படிப் பொடியைப் பூசி, அங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருநாமத்தைக் காவலாக வைத்தார்கள். விளையாடும்போது கோவிந்தன் காக்க, படுத்திருக்கும்போது மாதவன் காக்க என்றார்கள். எவனுக்குக் காவல் தேடினார்களோ அவன் பெயரையே காவலாக வைத்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. பெரியோர் நாவில் வழங்கும் பதினாறு நாம சுலோகத்திலும் படுக்கைக்குப் பத்மநாபன், கெட்ட கனவுக்குக் கோவிந்தன் என்று வகுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் அலறி எழும் குழந்தையின் மார்பைத் தடவிக் ‘கோவிந்தா, கோவிந்தா’ என்று சொல்லும் பாட்டிமார் இந்தச் சுலோகத்தைப் படித்தவர்கள் அல்லர், பழக்கத்தில் பெற்றவர்கள்.

ஆசார்யர் சரித்திரத்திலும் இதற்கு இடமுண்டு. கூரத்தாழ்வானுக்குத் திருக்குமாரர்கள் அவதரித்த செய்தி கேட்டு எம்பெருமானார் எழுந்தருளி, குழந்தைகளை எடுத்து வரும்படி எம்பாரைப் பணித்தார். எடுத்து வந்தபோது, த்வய மந்திரத்தின் மணம் கமழ்கிறதே என்று வினவினார். குழந்தைகளுக்குக் காப்பாக அதை அநுஸந்தித்ததாக எம்பார் விண்ணப்பித்தார். அப்படியானால் நீரே இவர்களுக்கு ஆசார்யர் என்று உடையவர் நியமித்தருளினார். அந்தக் குழந்தைகளுள் ஒருவரே பின்னாளில் பராசர பட்டர். சம்பிரதாயத்தின் பெரிய ரகசியம் அவர் செவியில் முதலில் விழுந்தது ஒரு குழந்தைக் காப்பாக.

கதைக்கு வருவோம். குழந்தைக்குக் கதை சொல்பவர் ‘உம் கொட்டு’ என்று கேட்டுக்கொள்வது தமிழ்நாட்டு வழக்கம். ‘உம்’ நின்றுவிட்டால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள். லீலாசுகர் அருளிய ஸ்ரீகிருஷ்ண கர்ணாம்ருதத்தில் ஒரு சுலோகம் இந்த ‘உம்’ கொட்டுதலையே நடுவில் வைத்தது. யசோதை கண்ணனுக்கு இராமகதை சொல்கிறாள். இராமன் என்று ஒருவன் இருந்தான், உம். அவன் மனைவி சீதை, உம். தந்தை சொல்லால் காடு சென்று பஞ்சவடியில் வாழ்ந்தார்கள். அப்போது இராவணன் சீதையைக் கவர்ந்து போனான் என்று கதை வருகிறது. அந்த இடத்தில் ‘உம்’ வரவில்லை. பாதி உறக்கத்திலிருந்த பிள்ளை இலக்குவனை அழைத்து வில்லைக் கேட்டானாம். உறங்கச் செய்யச் சொன்ன கதை உறக்கத்தைக் கலைத்துவிட்டது. முன் அவதாரம் நினைவுக்கு வந்தது என்பது உரை. கதை சொல்லிப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை யசோதை அன்று அறிந்திருப்பாள்.

திருமலையில் நாளின் முடிவில் நடைபெறும் ஏகாந்த சேவையில் இவ்வனைத்தும் ஒருங்கே திரண்டிருக்கக் காணலாம். 966-ஆம் ஆண்டு சாமவை என்னும் அரசி சமர்ப்பித்த வெள்ளித் திருமேனியான போக ஸ்ரீநிவாசமூர்த்தி, சங்கிலிகளால் தொங்கும் கட்டிலில் பள்ளிகொள்கிறார். பாலும் பழமும் நிவேதனமாகின்றன. அன்னமாசார்யரின் தாள்ளப்பாக்கம் வம்சத்தவர் தாலாட்டுப் பாடுகின்றனர். மார்கழியில் மட்டும் அந்தக் கட்டிலில் ஸ்ரீகிருஷ்ணன் எழுந்தருளுகிறான். தேவகிக்குக் கிட்டாத அந்த இரவு, ஆண்டில் ஒரு மாதம் முழுவதும் ஏழுமலையின் மேல் அவனுக்கு நடைபெறுகிறது.

தாயும் தந்தையும் அருகில் இல்லாத இரவொன்றை வால்மீகி பாலகாண்டத்தில் பாடியிருக்கிறார். விசுவாமித்திரர் பின்னே புறப்பட்ட இராம லக்ஷ்மணர்கள் முதல் இரவைச் சரயுவின் கரையில் கழித்தார்கள். பலை, அதிபலை என்னும் மந்திரங்களை முனிவர் உபதேசித்த நாள் அது. அரசகுமாரர்களுக்குப் பழக்கமில்லாத புல்லணை. ஆயினும் முனிவரின் வார்த்தைகள் சீராட்ட, அந்த இரவு அவர்களுக்குச் சுகமாகவே கழிந்தது என்று சர்க்கத்தை முடிக்கிறார் ஆதிகவி. கோபத்துக்குப் பெயர் பெற்ற முனிவர் அன்றிரவு பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்பதை அவர் எழுதவில்லை. விடிந்ததும் எழுப்பும்போது முனிவர் எடுத்த பெயர் மட்டும் இருக்கிறது: தசரதனுடையது அன்று, கோசலையினுடையது. அந்தச் சுலோகத்தையே முதலாகக் கொண்டு, மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய சுப்ரபாதம், மார்கழி நீங்கலாக ஒவ்வொரு விடியலிலும் திருமலையில் ஒலிக்கிறது.